யோகப் பயிற்சி பயன் தருவது எவ்வாறு?

(அடுக்கத்தில் நடைபெற்ற வெள்ளி விழாக் கூட்டத்தில் அரசுப் பள்ளித் தலைமையாசிரியர், பி.ஏ., பி.எட்., ஆற்றிய உரை)

 

வெள்ளி விழா மேடையில் கல்வியைப் பற்றிப் பேசுவதற்குத் தகுதி வாய்ந்தோர் பலர் எனக்கு முன்னும் பின்னும் அமர்ந்திருக்கின்றனர். எனக்கு அளிக்கப்பட்ட தலைப்போ யோகப் பயிற்சி. இதைக் கேள்வியுற்ற நண்பர் ஒருவர், "கல்விச் சங்கத்தின் விழாவில் இதற்கு என்ன வேலை?" என்று வினவினார். படிக்கும் பிள்ளை உட்கார வேண்டும். உட்காருவதற்கு முதுகு ஒத்துழைக்க வேண்டும். அவருக்கு நான் கூறிய விடை அவ்வளவுதான்.

அதனினும் கடினமான வினா ஒன்றை நம் ஊர்த் தாய் ஒருவர் என்னிடம் எழுப்பினார். "விடிஞ்சதுலேர்ந்து பொழுது சாயிற வரைக்கும் தோட்டத்துல குனிஞ்சு நிமிர்ற எங்களுக்கு இது எதுக்குங்கய்யா?" என்றார். நேர்மையான வினா. யோகம் என்பது உட்கார்ந்தே உண்டு கொழுத்தவர்களுக்கு உரியது, உழைப்பவர்க்கு உழைப்பே போதும் என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. இவ்வினாவுக்கு விடை கூறாமல் ஆசனங்களின் பெயர்களை அடுக்கிக்கொண்டு போவதில் பொருளில்லை.

உழைப்பு வேறு, பயிற்சி வேறு. காப்பிப் பழம் பறிப்பவரின் கைகள் எப்பொழுதும் முன்னோக்கியே நீள்கின்றன. முதுகு முன்னோக்கியே வளைகிறது. சும்மாடு வைத்துச் சுமை தூக்குபவரின் கழுத்து நாளெல்லாம் அழுத்தப்படுகிறது. மிளகுக் கொடிக்கு ஏணி சாய்த்து ஏறுபவரின் கெண்டைக்கால் தசை எப்பொழுதும் இறுகியே கிடக்கிறது. வேலை தனக்குத் தேவையான உறுப்பை மட்டுமே எடுத்துக்கொள்ளும். மற்றவற்றைத் திரும்பிப் பாராது. ஓர் ஆண்டில் பல்லாயிரம் முறை முன்னே குனிந்த முதுகு, பின்னே வளைவதற்கு ஒரு முறைகூட வாய்ப்புப் பெறாமல் போகலாம். மேலும், மூட்டையைத் தூக்கும்போது மூச்சை அடக்குகிறோம். ஏற்றத்தில் மூச்சு வாங்குகிறது. மூச்சை நாம் ஆள்வதில்லை. யாவற்றினும் முக்கியமானது ஒன்று உண்டு. உழைப்பு எப்பொழுது நிற்கிறது? உடல் 'போதும்' என்று சொல்லும்போதன்று, வேலை முடியும்போதுதான். யோகப் பயிற்சியிலோ உடல் 'போதும்' என்று சொன்ன இடத்தில் நிறுத்தியாக வேண்டும். பிறருக்காக நாளெல்லாம் வளையும் உடல், தனக்காகச் சிறிது பொழுது நிமிர்வதுதான் நான் இங்குப் பேச வந்த யோகம். ஆதலின் உழைப்பவர்க்கு அது வேண்டாத ஒன்றன்று. உட்கார்ந்திருப்பவரைவிட அவருக்கே அது மிகுதியும் தேவை.

இக்கலை நமக்கு உரியதா என்னும் ஐயமும் சிலருக்கு உண்டு. சாத்திரம் அறிந்தவர்களின் கூடத்துக்குள் இருந்ததை நாம் எட்ட நின்று பார்த்த காலம் உண்மையிலேயே இருந்தது, அதை மறைப்பதற்கில்லை. எனினும் தமிழில் எட்டு உறுப்புகளைக் கொண்ட யோகத்தை விரித்துரைத்த நூல் எது? திருமந்திரம். அதன் மூன்றாம் தந்திரம் முழுவதும் யோகத்தைப் பற்றியதே. அந்நூலை அருளியவராகச் சேக்கிழார் காட்டும் திருமூலர் யார்? காவிரிக் கரையில் சாத்தனூரில் மாடு மேய்த்த மூலன் என்பவரின் உடலில் புகுந்த யோகியார் என்பது பெரியபுராணத்து வரலாறு. வரலாற்று ஆராய்ச்சியாளர் இதை எவ்வாறேனும் கொள்க. மாடு மேய்த்தவரின் உடலே யோகத்துக்கு உகந்த உடலாயிற்று என்று நம் முன்னோர் கதை கூறினர் என்பது எனக்குப் போதும்.

அண்மைக் காலத்துக்கு வருவோம். எளிய முறை உடற்பயிற்சியைத் தமிழ்நாட்டின் சிற்றூர்கள் வரை கொண்டு சேர்த்த வேதாத்திரி மகரிஷி, 1911-ஆம் ஆண்டு கூடுவாஞ்சேரியில் ஒரு நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். தாமும் தறியில் அமர்ந்தவர். அவர் 1984-இல் பொள்ளாச்சிக்கு அருகே ஆழியாற்றில் அறிவுத் திருக்கோயிலை நிறுவினார், 2006-இல் மறைந்தார். கை, கால், மூச்சு, கண் என்று பகுத்து, வயது முதிர்ந்தவரும் செய்யத்தக்க வண்ணம் அவர் பயிற்சிகளை அமைத்தார்.

உலகப் புகழ் பெற்ற பி.கே.எஸ். அய்யங்கார் 1918-இல் கருநாடக மாநிலத்து பெள்ளூரில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். இளமையில் மலேரியா, டைபாய்டு, காசம் என்று நோய்கள் ஒன்றன்பின் ஒன்றாக அவரை வாட்டின. அந்த நோயுற்ற சிறுவன்தான் பிற்காலத்தில், வளையாத உடலுக்கு உதவியாக நாற்காலி, கயிறு, மரக்கட்டை, சுவர் ஆகியவற்றைப் பயன்படுத்தும் முறையை உலகுக்குக் கற்பித்தார். இந்தச் செய்தியை நீங்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். கடையில் பல நூறு ரூபாய்க்கு விற்கும் ரப்பர் விரிப்பு இல்லையே என்று எவரும் வருந்த வேண்டுவதில்லை. கோணிச் சாக்கின் மேல் ஒரு போர்வை விரித்தால் சிமெண்டுத் தரையின் குளிர் ஏறாது. கயிறும் சுவரும் எல்லார் வீட்டிலும் உண்டு.

அய்யங்காரின் ஆசிரியரான கிருஷ்ணமாச்சாரியார் தம் வாழ்வின் பிற்பகுதியைச் சென்னையில் கழித்து, நூறாண்டு கடந்து 1989-இல் மறைந்தவர். அவருடைய மகன் தேசிகாசார் 1976-இல் சென்னையில் கிருஷ்ணமாச்சாரியார் யோக மந்திரத்தை நிறுவினார். அவர்கள் வற்புறுத்திய கொள்கை ஒன்று: ஆளுக்கு ஏற்பப் பயிற்சியை அமைக்க வேண்டுமேயன்றிப் பயிற்சிக்கு ஏற்ப ஆளை முறிக்கலாகாது. பள்ளி ஆசிரியனாகிய எனக்கு இது மிகவும் உவப்பானது. நாற்பது பிள்ளைகளுக்கும் ஒரே அளவில் சட்டை தைக்கலாமா?

இனிப் பழக்கங்களைப் பற்றிக் கூறுகிறேன்.

முதலாவது நேரம். 2014 டிசம்பர் 11-ஆம் நாள் ஐக்கிய நாடுகளின் பொதுப்பேரவை, ஜூன் 21-ஐ உலக யோக நாளாக அறிவித்தது. 177 நாடுகள் அத்தீர்மானத்தை உடன்மொழிந்தன. 2015 முதல் ஆண்டுதோறும் அந்நாளில் பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் விழா நடைபெறுகிறது. நன்று. ஆனால் ஜூன் 22-ஆம் நாள் என்ன நடைபெறுகிறது என்பதே என் கவலை. மயிலாசனம் செய்து காட்டிக் கைத்தட்டல் பெறும் மாணவன், மறுநாள் வகுப்பில் ஒரு பாடவேளை முழுதும் மேசைமீது கவிழ்ந்து கிடப்பதை நான் கண்டிருக்கிறேன். ஆண்டுக்கு ஒரு நாள் இரண்டு மணி நேரம் செய்வதைவிட நாள்தோறும் பதினைந்து நிமிடம் செய்வது மேலானது. பதஞ்சலி முனிவரும் நெடுங்காலம், இடைவிடாமல், ஈடுபாட்டுடன் செய்யும் பயிற்சியே உறுதிப்படும் என்றுதான் கருதினார்.

பழக்கம் ஒன்று உடலில் ஊன்ற எத்துணை நாள் ஆகும்? இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த ஆய்வாளர்கள், 96 பேர் ஒரு புதிய பழக்கத்தை நாள்தோறும் கைக்கொள்வதைப் பன்னிரண்டு வாரம் கவனித்து, 2009-இல் முடிவை வெளியிட்டனர். நடுத்தரக் கணக்கில் 66 நாள்கள் ஆயின. சிலருக்கு 18 நாள்களே போதுமாயிருந்தன. சிலருக்கு 254 நாள்கள் வரை ஆகும் என்று கணக்கிட்டனர். ஒரு நாள் தவறினால் பழக்கம் கெட்டுவிடுவதில்லை என்பதும் அவர்கள் கண்ட உண்மை. ஆகவே, தோட்டத்தில் பழம் பறிக்கும் பருவத்தில் ஒரு நாள் விட்டுப்போயிற்று என்றால், "எல்லாம் போயிற்று" என்று கைவிட வேண்டாம், மறுநாள் தொடருங்கள். மற்றொன்று, புதிய பழக்கத்தை ஏற்கெனவே உள்ள ஒரு பழக்கத்தோடு முடிச்சிட வேண்டும் என்பது. 'நேரம் கிடைக்கும்போது செய்வேன்' என்பவருக்கு நேரம் கிடைப்பதேயில்லை. முகம் கழுவியதும், அடுப்பு மூட்டுமுன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுப்பு மூட்டுமுன் என்று நான் கூறுவதற்குக் காரணம் உண்டு. குளிருக்கு அஞ்சிக் கதவடைத்த வீட்டில் விறகுப் புகை சூழ்ந்திருக்க, ஆழ்ந்து மூச்சிழுப்பது நுரையீரலுக்கு நன்மை செய்யாது. ஆனால் இங்கே ஓர் இடர் உண்டு. வீட்டில் முதலில் எழுபவர் யார்? அடுப்பை மூட்டுபவர் யார்? தாய்மார்கள்தாம். அந்தப் பதினைந்து நிமிடம் அவர்களுக்கு எங்கிருந்து வரும்? ஐயாமார்களே, உங்களைத்தான் கேட்கிறேன். வாரத்தில் மூன்று நாளேனும் அடுப்பை நீங்கள் மூட்டினால், உங்கள் வீட்டில் யோகம் தொடங்கிவிட்டது என்று பொருள். (சிரிப்பு) இது நகைச்சுவைக்காகக் கூறியதன்று.

அடுத்தது, மலைவாழ்வோர் சிறப்பாக அறிய வேண்டுவது. இரவில் நாம் படுத்திருக்கும்போது, முதுகெலும்புகளுக்கு இடையேயுள்ள மெத்தை போன்ற வட்டுகள் நீரை உறிஞ்சிப் புடைக்கின்றன. அதனால் காலையில் நாம் மாலையில் இருந்ததைவிட ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் உயரமாயிருக்கிறோம். மாணவர்கள் சுவரில் பென்சிலால் குறித்து, காலையும் மாலையும் அளந்து பார்க்கலாம். நல்ல அறிவியல் பாடம். புடைத்த வட்டுகள் அவ்வேளையில் முன்குனிதலை எளிதில் தாங்கா. அதன்மேல் குளிரால் தசைகளும் விறைத்திருக்கின்றன. ஆதலால் படுக்கையிலிருந்து எழுந்தவுடன் கால் விரலைத் தொட முயல்வது தவறு. முதலில் சிறிது நடந்து, தோள், இடுப்பு, கணுக்கால் ஆகியவற்றை மெல்லச் சுழற்றி, உடலில் சூடு ஏறிய பின்னரே குனியும் ஆசனங்களைச் செய்ய வேண்டும். கம்பளிச் சட்டையைக் கழற்றாமலே தொடங்கலாம்.

வயிறு வெறுமையாய் இருத்தல் வேண்டும். முழு உணவு உண்டால் மூன்று மணி நேரமேனும் கழிய வேண்டும். வரக்காப்பி குடிக்காமல் கண் திறவாது என்பவர்கள், குடித்து அரைமணி நேரம் பொறுத்துச் செய்க. மாலையில் செய்வோர் சாராய வாடையோடு ஆசனத்தில் அமர்வதைவிட அமராதிருப்பதே நன்று. அதைப் பற்றி இதற்குமேல் இங்கு விரிக்கவில்லை; வீட்டுக்கு வீடு அறிந்த செய்தி.

எந்த ஆசனத்தைச் செய்வது? நம் வேலை எத்திசையில் உடலை வளைக்கிறதோ, அதற்கு எதிர்த்திசையில் வளைப்பவற்றை முதலில் தேர்ந்துகொள்ளுங்கள். நாளெல்லாம் குனிபவர்க்கு, குப்புறப் படுத்து மார்பை மெல்ல உயர்த்தும் புஜங்காசனம் ஏற்றது. கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி, பூனையைப் போல முதுகை மேலும் கீழும் வளைப்பது எவரும் செய்யத்தக்கது. சுமையோடு ஏறி இறங்கி வந்த மாலையில், மல்லாந்து படுத்துக் கால்களைச் சுவரில் உயர்த்தி ஐந்து நிமிடம் கிடந்து பாருங்கள்; காலின் கனம் இறங்குவதை நீங்களே உணர்வீர்கள். நான்கைந்து ஆசனங்கள் போதும். நாற்பது ஆசனங்கள் தெரியும் என்பது பெருமைக்கு உதவும், முதுகுக்கு உதவாது.

மூச்சைப் பற்றிச் சுருக்கமாகக் கூறுகிறேன். நாசி வழியே மூச்சு விடுங்கள். உள்ளே இழுக்க நான்கு எண்ணினால், வெளியே விட ஆறு எண்ணுங்கள். மூச்சு உட்செல்லும்போது இதயத் துடிப்பு சற்று விரைவதும், வெளியேறும்போது சற்றுத் தணிவதும் இயற்கை. வெளிமூச்சு நீண்டால் உடல் அமைதி அடைவது அதனால்தான். மூச்சை உள்ளே அடைத்து வைக்கும் கும்பகத்தை ஆசிரியரின் துணையின்றிச் செய்ய வேண்டாம். ஓர் ஆசனத்தில் மூச்சுத் திணறினால், அந்த ஆசனத்தில் நீங்கள் எல்லை கடந்துவிட்டீர்கள் என்பதற்கு அதுவே அடையாளம்.

இப்பொழுது நான் கூறப்போவது என் உரையில் முக்கியமானது என்று கருதுகிறேன். நம் மக்கள் தலைமுறை தலைமுறையாக ஒரு பாடத்தை நன்றாகப் படித்திருக்கின்றனர்: வலியைப் பொருட்படுத்தாதிருத்தல். முதுகு வலிக்கிறது என்று சொன்னால் கூலி போய்விடும். காய்ச்சல் என்று சொன்னால் சோம்பேறி என்னும் பெயர் வரும். ஆதலால் பல்லைக் கடித்துக்கொண்டு வேலை செய்யப் பழகினோம். அந்தப் பல்கடித்தலை யோகப் பயிற்சிக்குள் கொண்டுவந்தால் அது தீங்காக முடியும். நம் இளைஞர் சிலர் ஆசனத்தையும் மூட்டை தூக்குவதைப் போலவே செய்கின்றனர். முகம் சிவக்கிறது, கழுத்து நரம்பு புடைக்கிறது, "இன்னும் கொஞ்சம்" என்கின்றனர். தசை இழுபடுவது வேறு, வலி வேறு. இழுபடுதல் மந்தமாக, பரவலாக இருக்கும், நிறுத்தினால் தணியும். வலியோ ஊசியாகக் குத்தும், மூட்டுக்குள் இருக்கும், சில வேளை இடுப்பிலிருந்து காலுக்கு மின்னலாய் ஓடும், மரத்துப்போகச் செய்யும். அவ்வாறு நேர்ந்தால் உடனே நிறுத்துக. உடலின் சொல்லைக் கேட்பது கோழைத்தனமன்று. நாள் முழுவதும் எவரும் கேளாத அச்சொல்லைக் கேட்பதற்கென்றே அந்தப் பதினைந்து நிமிடம் இருக்கிறது.

அதே காரணத்தால், இறுதியில் செய்யும் சவாசனத்தை எவரும் விட்டுவிடலாகாது. பெரும்பாலோர் அதைத்தான் முதலில் விடுகின்றனர். சும்மா படுத்திருப்பது நம்மவர்க்குக் கூச்சமாக இருக்கிறது. யாரேனும் பார்த்தால் என்ன சொல்வார்களோ என்னும் அச்சம் பழைய காலத்திலிருந்து வந்தது. ஐந்து நிமிடம், போர்வை போர்த்திக்கொண்டு, கண் மூடி, உடலைத் தரையிடம் ஒப்படைத்துவிடுங்கள். அப்பொழுதுதான் செய்த பயிற்சி உடலில் தங்கும்.

செய்ததைக் குறித்துவைக்கும் பழக்கமும் நன்று. மாணவர்கள் பழைய நோட்டில் எஞ்சிய தாள்களைத் தைத்துக்கொள்ளலாம்: இன்று செய்தேன், உறக்கம் எப்படி, வலி எங்கே என்று மூன்று சொல் எழுதினால் போதும். எழுத்தறியாப் பெரியோர் சுவரில் கரிக்கோடு கிழித்து வரலாம். கைப்பேசியில் காணொளி பார்த்துக் கற்கும் பிள்ளைகளுக்கு ஒன்று கூறுவேன்: அதிலுள்ளவர் உங்களைப் பார்க்கமாட்டார், உங்கள் முழங்கால் கோணியிருப்பது அவருக்குத் தெரியாது. தொடக்கத்தில் சில வாரமேனும், அறிந்த ஒருவர் முன் நின்று செய்யுங்கள். பயிற்சியின்போது கைப்பேசி வேறு அறையில் இருக்கட்டும்.

இரத்தக் கொதிப்பு, கண்ணில் நீரழுத்தம், கழுத்தெலும்புத் தேய்வு ஆகியவை உள்ளோர் தலைகீழ் ஆசனங்களைத் தவிர்க்க வேண்டும். கருவுற்ற தாய்மார்களும், குடலிறக்கம் உள்ளோரும், அறுவை மருத்துவம் செய்துகொண்டோரும் மருத்துவரைக் கேளாமல் எதையும் தொடங்க வேண்டாம். யோகம் செய்கிறேன் என்று நீரிழிவு மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

யோகம் எல்லா நோயையும் தீர்க்கும் என்று முழங்குவோர் கூற்றை நான் ஏற்பதில்லை. நாள்பட்ட இடுப்பு வலிக்கு மருந்தில்லா முறைகளை முதலில் முயலலாம் என்று 2017-இல் அமெரிக்க மருத்துவர் கல்லூரி பரிந்துரைத்தவற்றுள் யோகமும் ஒன்று. அதே ஆண்டில் வெளிவந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, அத்தகைய வலியுள்ளோரின் செயல்திறன் யோகத்தால் சிறிய அளவிலிருந்து நடுத்தர அளவு வரை மேம்படுவதைக் கண்டது. சிறிய அளவு, நடுத்தர அளவு, அவ்வளவே. முதுகு வலியுள்ளவருக்கு அதுவும் பெரிதுதான். ஆயினும் வலியின் காரணம் சுமையாக இருக்கும்போது, சுமையைப் பற்றியும் பேசித்தானே ஆக வேண்டும்? வயது வந்த ஆண் ஒருவர் வழக்கமாகச் சுமக்கும் எடை 55 கிலோவுக்கு மேற்படலாகாது என்றும், பெண்களுக்கு அதனினும் மிகக் குறைவாக இருக்க வேண்டும் என்றும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1967-இல் பரிந்துரைத்தது. காப்பிக்கொட்டை வாணிபத்தில் மூட்டை என்றால் 50 கிலோ. ஒரு மூட்டைக்கு மேல் ஒருவர் தலையில் ஏற்றுவோர் எவராயினும், அவர்களிடம் இக்கணக்கை எடுத்துக் கூறும் உரிமை நமக்கு உண்டு. நியாயமான சுமைக்கும் நியாயமான கூலிக்கும் மாற்றாகப் புஜங்காசனத்தை எவரேனும் நம்மிடம் நீட்டினால் ஏற்காதீர்கள். இரண்டும் வேண்டும் என்று கேளுங்கள்.

மாணவச் செல்வங்களே, உங்களுக்குத் தனியாக ஒரு சொல். தேர்வுக்கு முந்திய இரவில் கண்விழித்துப் படித்துவிட்டு, காலையில் மனத்தை ஒருமுகப்படுத்தத் தியானம் செய்கிறேன் என்று அமர்ந்தால் உறக்கம்தான் வரும், வருவதும் முறையே. உறக்கத்துக்குத் தியானம் ஈடன்று. முக்கால் மணிக்கு ஒருமுறை எழுந்து நின்று, கைகளை மேலே உயர்த்தி, ஆறு முறை நீண்ட மூச்சுவிட்டு மீண்டும் அமருங்கள். விடுதியில் தங்கிப் படிக்கச் செல்லும் பிள்ளைகள் இதைத் தம்முடன் கொண்டு செல்லலாம். பெட்டியில் இடம் பிடிக்காது.

சங்கப் பொறுப்பாளர்களிடம் பேசி ஓர் ஏற்பாடு செய்திருக்கிறேன். வரும் திங்கட்கிழமை முதல் காலை ஐந்தரை மணிக்குச் சங்கத்தின் வாசிப்புக் கூடம் திறந்திருக்கும். மேசைகளைச் சுவரோரம் நகர்த்தினால் இருபது பேர் படுப்பதற்கு இடமுண்டு. தாய்மார்களுக்கு மாலை ஐந்து மணி வசதியென்றால், அதற்கும் தனியே திறக்கலாம்; எது ஏற்றது என்பதை இன்று கூட்டம் முடிந்ததும் கூறுங்கள். கட்டணம் இல்லை. ஆளுக்கு ஒரு போர்வையும், வீட்டில் இருந்தால் ஒரு கோணிச் சாக்கும் கொண்டு வாருங்கள். மண்சரிவால் பாதை அடைபட்ட நாள்களில் மேல்வீடுகளில் உள்ளோர் அங்கேயே கூடிச் செய்க.